பதினைந்தாம் பக்கத்தில் நின்றுபோன நாவல்

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு, ஆங்கில வழி. தமிழில் படக்கதை, சிறுகதை எதைக் கொடுத்தாலும் உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடுவான். புத்தகக் கண்காட்சியில் அவனே ஆசைப்பட்டு எடுத்த 220 பக்கச் சிறுவர் நாவலை மட்டும் பதினைந்து பக்கத்தோடு மூடி வைத்துவிட்டான். அட்டையில் ‘8 முதல் 12 வயது வரை’ என்றுதான் போட்டிருந்தது. அடுத்த நாவலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: அட்டையில் போட்டிருக்கும் வயதை நம்பி வாங்காதீர்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஏழாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. புத்தகத்தை எந்த அலமாரியில் அடுக்குவது என்று கடைக்காரருக்குத் தெரிய அந்த வரி உதவும், அவ்வளவுதான். நீங்கள் பார்க்க வேண்டியது உள்ளே இருக்கும் வாக்கியத்தை.

இந்த இரண்டையும் படித்துப் பாருங்கள்.

“செல்வன் கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.”

“கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்த செல்வன், அங்கே யாரும் இல்லாதிருப்பதையும், அடுப்பில் வைக்கப்பட்டிருந்த பால் பொங்கி வழிந்துகொண்டிருப்பதையும் கண்டு திடுக்கிட்டான்.”

இரண்டாவதில் பத்து வயதுப் பிள்ளைக்குத் தெரியாத சொல் அநேகமாக ஒன்றுகூட இல்லை. ஆனாலும் திணறுவான். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வரும். அது வரும்வரை நடுவில் வந்த எல்லாவற்றையும் மனதில் பிடித்து வைத்திருக்க வேண்டும். படக்கதையில் அந்தச் சுமையைப் படம் தூக்கிக்கொள்ளும். சிறுகதையிலோ ஏழெட்டுப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிடலாம். 220 பக்கமும் இப்படியே போனால் யாருக்குமே கை தளர்ந்துவிடும். எனவே முதல் நாவலில் பெரும்பாலான வாக்கியங்கள் எட்டு, பத்துச் சொற்களுக்குள் முடிய வேண்டும். நீளமானது அங்கொன்றும் இங்கொன்றும் வந்தால் போதும்.

கடையிலேயே சோதித்துவிடலாம். முதல் பக்கத்தைத் தவிர்த்துவிடுங்கள், எல்லோரும் அதை மட்டும் மெருகேற்றி எழுதியிருப்பார்கள். நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து மெதுவாக வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பொருள் தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கச் சொல்லும் ஐவிரல் சோதனை பலருக்கும் தெரிந்ததுதான்: பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கினால் புத்தகம் கடினம். தமிழுக்கு அதில் ஒரு திருத்தம் வேண்டும். ‘போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்ற இடத்தில் பிள்ளை தடுக்கினால் உடனே விரலை மடக்காதீர்கள். பிரித்துப் படித்ததும் புரிந்துவிட்டால் அது கணக்கில் சேராது. கண்ணுக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான், நாலு நாளில் பழகிவிடும். இரண்டு மூன்று விரல் மடங்குவதுதான் சரியான அளவு. ஒன்றுமே மடங்கவில்லை என்றாலும் வாங்கலாம், தப்பில்லை.

அடுத்து அச்சு. சிறுவர் நாவலில் பக்கத்துக்கு 22 முதல் 26 வரி இருந்தால் கண்ணுக்குச் சுகம். 32 வரியைத் தாண்டினால், உள்ளே எவ்வளவு நல்ல கதை இருந்தாலும், பெரியவர்கள் படிக்கும் பக்கம் அது. வரி ஓரத்தையும் கவனியுங்கள். ‘கொண்’ என்று ஒரு வரி முடிந்து ‘டிருந்தான்’ என்று அடுத்தது தொடங்கும், நடுவில் இணைப்புக்குறிகூட இருக்காது. பெரியவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். பிள்ளைகள் அதை இரண்டு சொல்லாகப் படித்துக் குழம்பிப்போய் மறுபடி வரியின் தொடக்கத்துக்கே வருவார்கள். ஒரு பக்கத்தில் நாலைந்து இடத்தில் இப்படி இருந்தால் வேறு பதிப்பு கிடைக்கிறதா என்று தேடுங்கள்.

நூலகத்திலோ பழைய புத்தகக் கடையிலோ எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் அச்சான புத்தகங்களில் ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகள் பழைய வடிவத்தில் இருக்கும். இன்றைய பிள்ளைக்கு ‘யானை’ என்ற சொல்லே புரியாத கோலமாகத் தெரியும். இதற்காக நல்ல புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, புத்தகக்குறியாக வைத்துக் கொடுங்கள். ரகசிய எழுத்து என்று சொன்னால் ஆசையாகவே கற்றுக்கொள்வார்கள்.

நீளத்துக்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து நிமிடத்தில் எத்தனை பக்கம் படிக்கிறான் என்று பாருங்கள். மூன்று பக்கம், தினமும் இருபது நிமிடம் என்றால் ஒரு நாளைக்கு ஆறு. 220 பக்கம் முடிய 37 நாள் ஆகும். அதற்குள் முதல் அத்தியாயத்தில் வந்தவர் யார் என்பதே மறந்துபோகும். இரண்டு வாரத்தில் முடியும் நூல்தான் முதல் நாவலுக்குப் பொருத்தம், அதாவது உங்கள் மகனுக்கு 80 பக்கத்தை ஒட்டி. அத்தியாயம் நாலைந்து பக்கத்தில் முடிந்தால் ஒரே அமர்வில் ஒன்றை முடித்துவிடலாம். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் வெளியிட்ட சிறு நூல்களில் ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு படிகள் உண்டு. ‘பற’ வரிசையைத் தடையில்லாமல் படிக்கும் பிள்ளை 60 பக்க நாவலுக்குத் தயார் என்று கொள்ளலாம்.

கதையில் என்ன பார்ப்பது? நாயகனோ நாயகியோ வாசிக்கும் பிள்ளையைவிட ஓரிரு வயது மூத்தவராக இருந்தால் நல்லது. தன்னைவிடச் சின்னவர்களைப் பற்றிப் படிக்கப் பிள்ளைகளுக்குப் பிடிக்காது. கடைசி இரண்டு அத்தியாயத்தை நீங்கள் மட்டும் புரட்டிப் பாருங்கள். சிக்கலைத் தீர்ப்பது யார்? ஒரு மாமாவோ ஆசிரியரோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்து, அறிவுரையும் சொல்லிவிட்டுப் போனால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். திருக்குறளோடு முடிகிறதே என்று மயங்க வேண்டாம்.

வட்டார வழக்கில் உரையாடல் இருந்தால், உங்கள் ஊர்ப் பேச்சு என்றால் பிள்ளை சிரித்துக்கொண்டே படிப்பான். வேறு ஊர்ப் பேச்சு என்றால் முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், காது பிடித்துக்கொண்டால் கண்ணும் பிடித்துக்கொள்ளும். மொழிபெயர்ப்பு என்றால் உரையாடலைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் வாயிலேயே வராத பேச்சு அவனுக்கும் வராது. உலகப் புகழ்பெற்ற பெரிய நாவலை 80 பக்கமாகச் சுருக்கிய பதிப்புகளை நான் பரிந்துரைப்பதில்லை. சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது உரையாடலும் வேடிக்கையும்தான். மிஞ்சுவது ‘பிறகு அவன் சென்றான், பிறகு அவள் வந்தாள்’.

சிறுவர் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாதெமி தரும் பால சாகித்திய புரஸ்கார் விருதைப் பெற்ற நூல்களைத் தேடுவது நல்ல வழி. ஆனால் விருது வயதைச் சொல்லாது. 2020-இல் அந்த விருதைப் பெற்ற ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ குழந்தைகளின் உடல் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறது. மறைக்க வேண்டிய புத்தகம் இல்லை. பிள்ளை கேள்வியோடு வந்து நிற்கும்போது முழிக்காமலிருக்க நீங்கள் முன்பே படித்திருக்க வேண்டும்.

வாங்கிய 220 பக்க நாவலைத் தூக்கிப் போடாதீர்கள். தானே படித்துப் புரிந்துகொள்வதைவிடக் கடினமான கதையைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ள இந்த வயதில் முடியும். இரவில் ஓர் அத்தியாயம் நீங்கள் படியுங்கள், அடுத்ததன் முதல் பக்கத்தை மட்டும் அவன் படிக்கட்டும். ‘என்ன புரிந்தது, சொல்லு பார்ப்போம்’ என்று கேட்காதீர்கள், அது பரீட்சை ஆகிவிடும். மூன்று நான்கு அத்தியாயம் கழித்தும் ‘அப்புறம்?’ என்று அவன் கேட்கவில்லை என்றால் அலமாரியில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுங்கள்.