ஷூ சேர்ப்பது கலாசாரமா, வெறும் பொழுதுபோக்கா? வடசென்னைக் கேள்வி பதில்

கேள்வி (வியாசர்பாடி, கல்லூரி மாணவர்): அண்ணே, பீரோ மேல் ஒன்பது ஜோடி ஸ்னீக்கர் அடுக்கி வைத்திருக்கிறேன். அப்பா இதைப் பைத்தியம் என்கிறார், நான் கல்ச்சர் என்கிறேன். யார் சொல்வது சரி?

பதில்: பீரோ மேல் இருக்கும்வரை அப்பா பக்கம்தான் நியாயம், தம்பி. தனியாக வாங்கி, தனியாகத் துடைத்து, தனியாகப் பார்த்துச் சந்தோஷப்படுவது பொழுதுபோக்கு. அதில் தப்பே இல்லை. உன் காலைப் பார்த்து எதிரில் வருகிறவன் நீ எந்தக் கூட்டம், என்ன ரசனை என்று தெரிந்துகொண்டால் அது கலாசாரம். அடிடாஸ் சூப்பர்ஸ்டார் 1969-ல் கூடைப்பந்துக்காக வந்த ஷூ. நியூயார்க் பையன்கள் அதை லேஸ் இல்லாமல், ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிட்டுப் போட்டார்கள். ரன் டிஎம்சி என்ற ராப் குழு 1986-ல் அந்த ஷூவைப் பற்றிப் பாட்டே போட்டது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கக் கச்சேரியில் ரசிகர்களிடம் ஷூவைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். கூட்டத்தில் இருந்த கம்பெனி ஆள் அதைப் பார்த்தார், அப்புறம்தான் ஒப்பந்தம் வந்தது. முதலில் தெரு, பிறகு கம்பெனி. இந்த வரிசை மாறிவிட்டால் நாம் பார்த்துக்கொண்டிருப்பது விளம்பரம்.

கேள்வி (ராயபுரம்): நைக்கியின் ஏர் ஜோர்டான் 1 ஷூவை அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ தடை செய்தது என்பதும் விளம்பரம்தானா?

பதில்: பாதி. நிறம் விதிக்கு ஒத்துவரவில்லை என்று 1985 பிப்ரவரியில் நைக்கிக்குக் கடிதம் போனது உண்மை. ஆனால் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டான் காலில் அப்போது இருந்தது பெரும்பாலும் ஏர் ஷிப் என்ற வேறு மாடல் என்கிறார்கள், இதைத் துருவித் துருவி ஆராய்ந்தவர்கள். நைக்கி அந்தத் தடையை வைத்தே விளம்பரம் எடுத்து, 65 டாலர் ஷூவை விற்றுத் தள்ளியது. கில்லாடிகள்!

கேள்வி (பெரம்பூர்): பெட்டியை விட்டு எடுக்காமல் பல வருஷம் பத்திரமாக வைத்த ஜோர்டான் 4. இப்போது போட்டால் சோல் பொடிப்பொடியாக உதிர்கிறது. டூப்பைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: ஒரிஜினலுக்கும் இதே கதிதான். அதன் நடுச் சோல் பாலியூரித்தேன். காற்றில் உள்ள ஈரம் அதன் மூலக்கூறுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துவிடும். ஹைட்ராலிசிஸ் என்பார்கள். வெப்பமும் சேர்ந்தால் வேகம் கூடும், நம்ம கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். ஜோர்டான் 1-க்கு ரப்பர் கப் சோல், அது இப்படி உதிராது. காற்றுப் புகாத கவரில் கட்டி வைக்காதீர்கள். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் ஒரு பாக்கெட் போதும், அள்ளிக் கொட்டினால் தோலும் பசையும் காய்ந்து வெடிக்கும். அவ்வப்போது போட்டு நடங்கள், சும்மா கிடந்தால்தான் சீக்கிரம் போகிறது.

கேள்வி (தண்டையார்பேட்டை, ஓர் அம்மா): மகன் ரீசேலில், அதாவது வாங்கியவர்கள் மறுபடி விற்கும் இடத்தில், பதினெட்டாயிரத்துக்கு ஒரு ஜோடி கேட்கிறான். தங்கம் மாதிரி விலை ஏறுமாம்.

பதில்: மேலே உள்ள பதிலைப் படித்துக் காட்டுங்கம்மா. கம்பெனி அதே மாடலை மறுபடி இறக்கினால் விலையும் சரியும். போட ஆசை என்றால் பேசலாம், முதலீடு என்றால் வேண்டாம்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): ஃபர்ஸ்ட் காப்பி, அதாவது ஒரிஜினல் மாதிரியே செய்த டூப் ஷூ, போடுகிறவனை எங்கள் செட்டில் கலாய்க்கிறார்கள். அவனுக்கு இதில் இடமே இல்லையா?

பதில்: ஒரிஜினல் என்று சொல்லி விற்பவன் மோசடிக்காரன். வாங்கிப் போடுகிறவனைக் கலாய்ப்பது வேறு. வீட்டு வாடகையைத் தாண்டும் ஷூ இருந்தால்தான் உள்ளே வரலாம் என்றால் அதற்குப் பெயர் பணக்காரர் கிளப். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் 1969-ல் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் பர்மா பஜாரைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுச் சரக்கைத் திருப்பிப் பார்த்து, பேரம் பேசி வாங்க நம்மைப் பழக்கியது அந்தக் கடைகள்தான். ஆனாலும் அந்தக் காசுக்குச் சாதா பிராண்டில் ஒன்றை வாங்கு என்பேன், கூடுதலாக உழைக்கும்.

கேள்வி (புளியந்தோப்பு, ஆசிரியை): அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் உருவாக்கியதை எடுத்துப் போட்டுக்கொண்டு நம் கலாசாரம் என்கிறோம். இரவல்தானே, சார்?

பதில்: இரவல்தான், மேடம். ஆனால் காலணிக்கு இங்கே வேறொரு கதை உண்டு. ஊர்த் தெருவில் தலித் மக்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்ற கொடுமை தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்தது. 2023 டிசம்பரில்கூட, திருப்பூர் மாவட்டக் கிராமம் ஒன்றில் அவர்கள் முதன்முறையாகச் செருப்போடு ஒரு தெருவில் நடந்தது செய்தியானது. பின்னி மில்லுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்கு வந்து வடசென்னையில் தங்கிவிட்ட பல குடும்பங்கள் இப்படிப்பட்ட ஊர்களை விட்டு வந்தவைதான். அந்த வீட்டுப் பேரன் வெள்ளை வெளேரென்று ஷூ போட்டு மிண்ட் மணிக்கூண்டு பக்கம் கெத்தாக நடக்கும்போது, அதை நியூயார்க் நகல் என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோல் வேலை செய்தவர்களைத் தள்ளிவைத்த இதே நாட்டில்தான் ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வெளிநாட்டுக்கு ஷூ ஏற்றுமதி செய்கின்றன. செய்யாறில் நைக்கிக்காக ஷூ செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். டிங்கர் ஹாட்ஃபீல்ட், பீட்டர் மூர் என்று வடிவமைத்தவர் பெயரெல்லாம் நம் பையன்களுக்கு அத்துப்படி. எந்த நாட்டில் செய்தது என்று உள்பக்கச் சீட்டிலேயே அச்சடித்திருக்கும், அதைப் படிக்கிறவர்கள் குறைவு. அதையும் பேச ஆரம்பித்தால் கலாசாரம் என்று நானே தாராளமாகச் சொல்வேன்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை): பிடித்த மாடல் ஆண்கள் சைஸில்தான் வருகிறது. நான் எதை எடுப்பது, அண்ணா?

பதில்: நைக்கி, ஜோர்டான் என்றால் அமெரிக்க அளவில் ஒன்றரையைக் கழித்துக்கொள், தங்கச்சி. பெண்கள் 7 என்றால் ஆண்கள் 5.5. சாயங்காலம் போட்டுப் பார், காலையைவிடப் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும்.