'ஜாயின் அப்' என்றால் என்ன? வெறும் 'ஜாயின்' போதாதா?

"ஐ ஜாயின்டு அப் எ காலேஜ் இன் நாகர்கோவில்" என்று எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுத வேண்டாம். கல்லூரி, வேலை, கட்சி, சங்கம் எதுவானாலும் 'ஜாயின்' மட்டும் போதும். நம்மில் பலர் 'ஜாயின்டு இன் எ காலேஜ்' என்போம். "கல்லூரியில் சேர்ந்தேன்" என்பதில் உள்ள 'இல்' செய்யும் வேலை அது. அந்த 'இன்'னும் தேவையில்லை.

'அப்' ஒட்டியதும் பொருள் குறுகிவிடும். பிரிட்டிஷ்காரர் ஒருவர் "ஹி ஜாயின்டு அப் அட் எய்ட்டீன்" என்றால், பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போனார் என்று அர்த்தம். எதில் சேர்ந்தார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'ஜாயின்டு அப் தி ஆர்மி' என்று நீட்டாதீர்கள். ஆர்மியைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'அப்'பை விட்டுவிடுங்கள். அமெரிக்கர்கள் பெரும்பாலும் 'என்லிஸ்ட்' என்பார்கள்.

நமக்கு அதிகம் பயன்படுவது இன்னொரு பொருள். தனித்தனியாக இருந்தவர்கள் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து, மேற்கொண்டு சேர்ந்தே போவது அல்லது செய்வது. மார்த்தாண்டத்திலிருந்து நீங்கள் பைக்கில் கிளம்புகிறீர்கள், நாகர்கோவிலிலிருந்து நண்பர்கள் வருகிறார்கள், தக்கலையில் சந்தித்து எல்லோருமாக மாத்தூர் தொட்டிப்பாலம் போகிறீர்கள். "வீ ஜாயின்டு அப் வித் தெம் அட் தக்கலை." இங்கே 'வித்' கட்டாயம் வேண்டும். தக்கலையில் டீ குடித்துவிட்டு அவரவர் வழியில் போய்விட்டால் அது 'மெட்' மட்டும்தான்.

இந்தப் பொருளில் இரண்டு தரப்பும் ஏறக்குறைய சமமாக இருக்கும் என்பது என் கணிப்பு. நம் கன்னியாகுமரி மாவட்ட வரலாற்றையே பாருங்கள். 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்து ஒரே மாநிலமானதைப் பேச்சுவாக்கில் "ஜாயின்டு அப்" என்றால் காதுக்கு உறுத்தாது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததற்கு அது பொருந்தாது. அங்கே சிறியது பெரியதற்குள் போகிறது. பரீட்சையில் எழுதுவதென்றால் இரண்டுக்குமே 'மெர்ஜ்' போடுங்கள், மார்க் போகாது.

ஆறுகளுக்கும் இதே கணக்குதான். கோதையாறும் பரளியாறும் திருவட்டாறு பக்கம் மூவாற்றுமுகத்தில் கலக்கின்றன. "தி டூ ரிவர்ஸ் ஜாயின் அப் தேர்" எனலாம். அந்தத் தண்ணீர் குழித்துறை தாண்டித் தேங்காப்பட்டணத்தில் கடலில் சேர்வதற்கு 'ஃப்ளோஸ் இன்டு தி சீ'.

அப்புறம், பொருட்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கும் இது வரும். "ஜாயின் அப் தி டாட்ஸ்" என்றால் புள்ளிகளைக் கோடு போட்டு இணை. 'ஜாயின் தி டாட்ஸ் அப்' என்றும் வைக்கலாம். ஆனால் 'தெம்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: 'ஜாயின் தெம் அப்'. நாலு கோடு நோட்டில் பிள்ளைகளை எழுதவைத்து நாம் உயிரை வாங்குகிறோமே, அந்தக் கர்சிவ் எழுத்தைப் பிரிட்டனில் 'ஜாயின்டு அப் ரைட்டிங்' என்கிறார்கள். சரியான பெயர்!

'ஜாயின் இன்' வேறு. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் விளையாட்டிலோ பாட்டிலோ நாமும் கலந்துகொள்வது. சங்குத்துறைக் கடற்கரையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்கள், உங்களுக்கும் ஆசையாக இருக்கிறது என்றால், "கேன் ஐ ஜாயின் இன்?" அங்கே போய் 'ஜாயின் அப்' என்று கேட்டால் முழிப்பார்கள். தமிழில் கேட்டால் உடனே சேர்த்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.