கம்ப்யூட்டர் கேள்வி-பதில்: லேபேக் பில்ட் ஆகிறது, விடைதான் இடிக்கிறது

கேள்வி: சார், நான் எம்.இ. ஸ்ட்ரக்சுரல் படிக்கிறேன். ஒரு பாலத்தின் அதிர்வைக் கணக்கிட லேபேக் என்ற மேட்ரிக்ஸ் கணக்கு லைப்ரரியை சோர்ஸிலிருந்து நானே பில்ட் செய்தேன். நண்பர் சொன்னபடி ஓ3, ஃபாஸ்ட்-மேத், மார்ச்=நேட்டிவ் என்ற மூன்று ஃப்ளாக்கையும் (வேகமான கோட் தரச் சொல்லி கம்பைலருக்குக் கொடுக்கும் குறிப்புகள்) பில்ட் செட்டிங் இருக்கும் மேக்.இன்க் ஃபைலில் போட்டேன். என் லேப்டாப்பில் விடை வருகிறது, ஆனால் லேபேக்கோடு வரும் டெஸ்டுகளில் நிறைய ஃபெயில். அதே லைப்ரரியை லேபுக்கு எடுத்துப்போனால் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றுவிடுகிறது. எங்கே தப்பு?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: முதல் வேலையாக ஃபாஸ்ட்-மேத்தை எடுத்துவிடுங்கள். டெஸ்ட் ஃபெயிலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான்.

பத்தின் 16-ஆம் அடுக்கோடு 1 கூட்டி, திரும்ப அதே பெரிய எண்ணைக் கழித்துப் பாருங்கள். டபுள் பிரிசிஷனில் (சுமார் 16 இலக்கத் துல்லியம்) விடை 0, ஏனென்றால் அவ்வளவு பெரிய எண்ணுக்குப் பக்கத்தில் அந்த 1-க்கு இடமே கிடையாது. முதலில் கழித்துவிட்டு அப்புறம் 1 கூட்டினால் விடை 1. கணக்கு ஒன்றுதான், வரிசை மாறினால் விடை மாறுகிறது. லேபேக் எழுதியவர்கள் இந்த வரிசையை யோசித்து யோசித்து வைத்திருக்கிறார்கள். ஃபாஸ்ட்-மேத் போட்டால் கம்பைலர் தன் வசதிக்கு அதைக் கலைத்துக்கொள்ளலாம் என்று நீங்களே அனுமதி கொடுத்த மாதிரி.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு எண் கெட்டுப்போய் 'நான்' (எண்ணே அல்ல என்ற நிலை) ஆகிவிட்டதா என்று கண்டுபிடிக்க லேபேக்கில் டிஸ்நான் என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. தனக்குத் தானே சமமில்லாத மதிப்பு அது ஒன்றுதான், அதை வைத்துத்தான் பிடிக்கிறார்கள். கம்பைலர் புத்திசாலித்தனமாக அந்த ஒப்பீட்டைத் தூக்கிவிடக் கூடாது என்று அதே எண்ணை இரண்டு தனி ஆர்க்யுமென்டாக இன்னொரு ஃபங்ஷனுக்கு அனுப்பி, அங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அவ்வளவு ஜாக்கிரதையும் ஃபாஸ்ட்-மேத்திடம் செல்லாது. 'நான்' என்ற ஒன்று வரவே வராது என்று கம்பைலர் முடிவு கட்டிவிடும், கெட்ட எண் சத்தமில்லாமல் விடை வரைக்கும் போய்விடும். பாலத்துக்கான கணக்கு என்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

மார்ச்=நேட்டிவ் என்றால் 'இந்த மெஷினில் என்னென்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் உண்டோ எல்லாவற்றையும் பயன்படுத்து' என்று அர்த்தம். உங்கள் லேப்டாப்பில் ஏவிஎக்ஸ்2 என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுதி இருந்து லேப் மெஷின் அதைவிடப் பழையதாக இருந்தால் அங்கே நிற்கத்தான் செய்யும். பில்ட் செய்த மெஷினிலேயே ஓட்டுவதானால் போடலாம், எடுத்துப்போவதானால் வேண்டாம்.

மேக்.இன்க் ஃபைலில் எஃப்ஃப்ளாக்ஸ் வரியில் ஓ2-வும் எஃப்ரிகர்சிவும் போதும். கீழே நோஆப்ட் என்று பெயர் முடியும் ஒரு வரி ஓ0-வோடு (வேகப்படுத்தும் வேலை எதுவும் வேண்டாம் என்று அர்த்தம்) இருக்கும், அதைத் தொடாதீர்கள். பழைய லேபேக்கில் மெஷினின் துல்லியத்தை ஒரு லூப் போட்டுத் தேடிக் கண்டுபிடிக்கும் டிலாம்ச் ஃபங்ஷனுக்காகத்தான் அந்த வரி முக்கியமாக இருந்தது. திருவொற்றியூரில் ஒரு சின்ன ஆபீசில் வேலை பார்த்தபோது அந்த வரியிலும் ஓ3 போட்டுவிட்டு, டெஸ்ட் முடியும் முடியும் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த லூப் முடியவே இல்லை. இப்போதைய பதிப்பு ஃபோர்ட்ரானிடமே எப்சிலான் மதிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறது, இருந்தாலும் வரி இருக்கட்டும்.

ஃப்ளாக் மாற்றியதும் மேக் கிளீன் அடிக்க மறக்காதீர்கள். மேக் பார்ப்பது ஃபைலின் நேரத்தை மட்டும்தான், ஃப்ளாக் மாறியது அதற்குத் தெரியாது. பழைய ஆப்ஜெக்ட் ஃபைல்களையே சேர்த்துக்கொடுத்துவிடும்.

சரி, வேகம்? அது லேபேக்கின் ஃப்ளாக்கில் இல்லை, அடியில் மேட்ரிக்ஸ் பெருக்கல் மாதிரி அடிப்படை வேலைகளைச் செய்யும் பிளாஸ் லைப்ரரியில் இருக்கிறது. லேபேக்கோடு வருகிற ரெஃபரன்ஸ் பிளாஸ், காசிமேட்டில் படகிலிருந்து ஒவ்வொரு மீனாகக் கையில் எடுத்து ஏலம் விடும் இடத்துக்கு நடப்பது போல வேலை செய்யும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய ஓப்பன்பிளாஸ் கூடை கூடையாக இறக்கும், அதாவது மேட்ரிக்ஸை கேஷில் அடங்கும் துண்டுகளாக வெட்டி, கொண்டுவந்த துண்டை முழுக்கப் பயன்படுத்திவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அதோடு லேபேக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. டைனமிக்_ஆர்ச்=1 என்று போட்டு பில்ட் செய்தால், ஓடும்போதே ப்ராசஸரைப் பார்த்து அதற்கேற்ற கோடைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும், உங்கள் லேப் பிரச்சினையும் அதோடு முடிந்தது. உபுண்டுவில் லிப்ஓப்பன்பிளாஸ்-டெவ் பேக்கேஜாகவே கிடைக்கிறது, சோர்ஸ் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: பேராசிரியர் கொடுத்த பழைய ஃபோர்ட்ரான் கோட் புது ஜிஃபோர்ட்ரானில் 'டைப் மிஸ்மேட்ச்' என்று நிற்கிறது. பழைய மெஷினில் ஓடுகிறதே?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: ஜிஃபோர்ட்ரான் ஜிசிசி கம்பைலர் தொகுப்போடு வருவது, 2020-இல் வந்த ஜிசிசி 10-இலிருந்துதான் இந்தக் கண்டிப்பு. ஒரே சப்ரூட்டீனை ஓரிடத்தில் இன்டிஜரோடும் (முழு எண்) இன்னோரிடத்தில் ரியலோடும் (தசம எண்) கூப்பிடுவது அந்தக் காலத்தில் சகஜம். எஃப்அலவ்-ஆர்க்யுமென்ட்-மிஸ்மேட்ச் ஃப்ளாக் போட்டால் எரர் வெறும் வார்னிங் ஆகிவிடும். அந்தப் பழைய ஃபைல்களுக்கு மட்டும் போடுங்கள், நீங்கள் புதிதாக எழுதும் கோடுக்கு வேண்டாம், அங்கே வருவது நிஜமான தப்பாக இருக்கலாம்.

கேள்வி: லேபேக், பிளாஸ் இரண்டையும் கொடுத்தும் 'டிஜெம் கிடைக்கவில்லை' என்று லிங்கர் சொல்கிறது.
- வாசகர், ராயபுரம்

பதில்: வரிசையைப் பாருங்கள். ஸ்டாட்டிக் லைப்ரரிகளை லிங்கர் இடமிருந்து வலமாகத்தான் படிக்கும். லேபேக் கேட்கும் டிஜெம் (மேட்ரிக்ஸ் பெருக்கும் ஃபங்ஷன்) பிளாஸில் இருப்பதால் பிளாஸ் அதற்குப் பின்னால் வர வேண்டும். உங்கள் ஆப்ஜெக்ட் ஃபைல் முதலில், அப்புறம் லேபேக், கடைசியில் பிளாஸ். சி மொழியிலிருந்து கூப்பிடுகிறீர்கள் என்றால் பெயரின் கடைசியில் ஒரு அண்டர்ஸ்கோர் சேர்க்க வேண்டும், ஜிஃபோர்ட்ரான் அப்படித்தான் பெயர் வைக்கிறது.