ஆண்டுதோறும் ஏசிக்கு கேஸ் நிரப்ப வேண்டுமா?

சென்னை வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் மேல்தளத்தில் வசிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. நான்கு ஆண்டுகளுக்கு முன் படுக்கையறையில் பொருத்திய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, இந்தக் கோடையில் இரவு பத்து மணி ஆகியும் அறையைக் குளிர்விக்கவில்லை. சில நாட்கள் உள் யூனிட்டிலிருந்து தண்ணீரும் சொட்டுகிறது. கேஸ் குறைந்துவிட்டது, ஆண்டுக்கு ஒரு முறை நிரப்புவது வழக்கம்தான் என்கிறார் மெக்கானிக். சென்ற ஆண்டும் நிரப்பியிருக்கிறார்கள். மறுபடியும் நிரப்புவதா, அல்லது இரண்டு டன் ஏசி வாங்கிவிடுவதா?

இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றி வந்து, அறையின் வெப்பத்தை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதே அதன் வேலை. கசிவு இல்லாத இயந்திரத்தில் பத்து ஆண்டுகள் ஆனாலும் அதன் அளவு குறையக் காரணமில்லை. ஆகவே கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். குறையவில்லை என்றால் நோய் வேறு. இரண்டில் எது என்று தெரியாமல் நிரப்பும் கேஸுக்குக் கொடுக்கும் பணம் வீண்.

எது என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏசியை ஓடவிட்டுக் கால் மணி நேரம் கழித்து, உள் யூனிட்டின் மேற்புறம் காற்று உள்ளே இழுக்கப்படும் இடத்திலும், கீழே குளிர்காற்று வெளிவரும் இடத்திலும் ஒரு சாதாரண வெப்பமானியால் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 12 டிகிரி வரை வேறுபாடு இருந்தால், காற்றும் வழக்கமான வேகத்தில் வந்தால், இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது; குறை அறையிலோ கூரையிலோ இருக்கிறது. காற்று சில்லென்று வந்தும் வேகம் குறைவாக இருந்தால் ஃபில்டரும், அதன் பின்னால் உள்ள காயில் என்னும் குளிர்விக்கும் குழாய்ச் சுருளும், காற்றைத் தள்ளும் விசிறியான புளோயரும் அழுக்கேறியிருக்கும். காற்று பலமாக வந்தும் குளிர்ச்சி இல்லை என்றால்தான் கேஸையோ, அதை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸரையோ சந்தேகிக்க வேண்டும். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது வெளி யூனிட்டை: அதன் விசிறி சுழல்கிறதா, பின்பக்கத் தகடுகளைத் தூசி அடைத்திருக்கிறதா, எதிரே துணியோ அட்டைப்பெட்டியோ வைத்துக் காற்றை மறித்திருக்கிறார்களா என்று. இன்வெர்ட்டர் வகை அல்லாத, அதாவது கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும் ஏசிகளில், அதைக் கிளப்ப உதவும் கெபாசிட்டர் பலவீனமாகி கம்ப்ரஸர் கிளம்பாமல் இருப்பதும் உண்டு. விலை குறைந்த அந்தச் சிறு உதிரிபாகத்தை மாற்ற வேண்டிய இடத்தில் கேஸ் நிரப்பிய கதைகள் ஏராளம்.

தண்ணீர் சொட்டுவதற்குப் பெரும்பாலும் வடிகால் குழாயில் சேர்ந்த பாசியே காரணம். ஆனால் காயிலில் பனிக்கட்டி படிந்து, ஏசியை நிறுத்தியதும் அது உருகி வழிகிறது என்றால் கவனிக்க வேண்டும். காற்றோட்டம் தடைப்பட்டாலும் கேஸ் குறைந்தாலும் பனி படியும். ஃபில்டரைக் கழுவி, காயிலைச் சுத்தம் செய்த பிறகும் படிந்தால் பெரும்பாலும் கசிவு என்றே கொள்ளலாம். சென்ற ஆண்டு நிரப்பியும் மறுபடி கேஸ் கேட்கும் உங்கள் இயந்திரத்தில் அதற்கான வாய்ப்பு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது கேஸ் அன்று, கசிவு எங்கே என்பது. குழாய்களை இணைக்கும் நட்டுகளிலும் வெளி யூனிட்டின் வால்வுகளிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்கட்டும். அங்கே தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று சோதிக்கட்டும். அடைத்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். பம்ப் கொண்டுவராமல், கொஞ்சம் கேஸைத் திறந்துவிட்டே காற்றை வெளியேற்றுபவரை அனுமதிக்காதீர்கள். அதன்பின், வெளி யூனிட்டில் ஒட்டியுள்ள தகட்டில் எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கிறதோ, அத்தனை கிராமைத் தராசில் நிறுத்தே ஏற்ற வேண்டும். வெளி வெப்பத்துக்கு ஏற்ப அழுத்தம் மாறும் என்பதால், அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் நம்புவது சரியன்று. கேஸின் வகையையும் அதே தகட்டில் பாருங்கள். இப்போது பரவலாக உள்ள ஆர்-32 மெல்லத் தீப்பற்றும். சில ஏசிகளில் உள்ள ஆர்-290 புரோப்பேன் என்பதால் எளிதில் தீப்பற்றும். கேஸ் உள்ளே இருக்கும்போது குழாயில் பற்றவைப்பு வேலை செய்யவே கூடாது.

இனி, இரண்டு டன் பற்றி. மேல்தள வீட்டில் பகல் முழுவதும் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம், சூரியன் மறைந்த பிறகும் பல மணி நேரம் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். இரவு எட்டு மணிக்கு அந்தக் கூரைத் தளத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். நன்றாகச் சுட்டால், பத்து மணி வரை அறை குளிராததற்கு அதுவும் ஒரு காரணம். மொட்டைமாடியில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிப்பதற்கோ குளிர் ஓடு பதிப்பதற்கோ ஆகும் செலவு, பெரிய ஏசியும் அதன் மின்கட்டணமும் சேர்ந்தால் ஆவதைவிடப் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். குடியிருப்போர் சங்கத்தின் அனுமதி பெறுவதுதான் கடினமான பகுதி! தேவைக்கு மிஞ்சிய ஏசி அறையை விரைவில் குளிர்வித்து நின்றுவிடுவதால், நம் கடற்கரை ஊரின் ஈரப்பதத்தைச் சரியாக வெளியேற்றாது. குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும்.

ரிமோட்டில் 18 வைத்தால் விரைவில் குளிரும் என்பதும் பெரும்பாலும் தவறான நம்பிக்கையே. இன்வெர்ட்டர் அல்லாத சாதாரண ஏசியின் கம்ப்ரஸர் 24 வைத்தாலும் 18 வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், அவ்வளவே. அறை ஓரளவு குளிர்ந்த பின் 25 அல்லது 26 வைத்து மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடுங்கள். ஃபில்டரைக் கோடையில் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழுவி, நிழலில் உலர்த்திப் பொருத்துங்கள்.

கசிவு உள் காயிலிலேயே இருப்பதாகத் தெரிந்தால், பழுதுபார்க்கும் செலவை ஒப்புக்கொள்வதற்கு முன் உத்தரவாத அட்டையை எடுத்துப் பாருங்கள். கம்ப்ரஸருக்கு நீண்ட உத்தரவாதம் தரும் நிறுவனங்கள் பல, காயிலுக்கும் அதைத் தருவதில்லை. ஆனால் சில மாடல்களுக்கு உண்டு.