தீயணைப்பு வேலையின் தொடக்கத்தில் சான்றிதழா, களப் பயிற்சியா?

திருகோணமலையில் தீயணைப்பு வேலைக்குப் போக நினைக்கும் இளையவர்கள் பலருக்கும் வரும் கேள்வி இது: முதல் இரண்டு வருடங்களில் சான்றிதழ் சேர்ப்பதா, களத்தில் பழகுவதா?

சான்றிதழ் என்பது விதிமுறை உங்களுக்குத் தெரியும் என்பதற்கான அத்தாட்சி. அனுபவம் என்பது அந்த விதிமுறை உங்கள் உடம்புக்கும் தெரிந்திருப்பது.

சுவாசக் கருவியையே பாருங்கள். சிலிண்டரில் 30 நிமிடக் காற்று என்று வகுப்பில் சொல்வார்கள். முழு உடுப்போடு, நீர் நிறைந்த குழாயை இழுத்துக்கொண்டு மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். 20 நிமிடம் ஆகும் முன்பே, காற்று தீரப்போகிறது என்ற எச்சரிக்கை விசில் ஊதிவிடலாம். உங்களுக்கு எத்தனை நிமிடம் என்று எந்தத் தாளிலும் எழுதியிருக்காது.

படிப்பில்லாத துணிச்சலும் ஆபத்துதான். கொதித்து எரியும் எண்ணெயில் நீரைப் பாய்ச்சினால், அது அடியில் இறங்கி, ஆவியாகி, சுமார் 1,700 மடங்கு விரிந்து எண்ணெயை வெளியே தூக்கி எறியும். அங்கே நுரைதான் வேண்டும். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் ஊரில் இதைத் தீக்கு முன்னால் நின்று கற்கக் கூடாது.

வாகனம் ஓட்டுவதும் இப்படித்தான். வீதிக் குறியீடுகளை எழுத்துப் பரீட்சைக்குப் படித்துவிடலாம். இரவில் நகருக்குள் திரியும் புள்ளிமான் குறுக்கே பாய்ந்தால் பிரேக்கை எவ்வளவு மிதிப்பது என்பது காலுக்குத்தான் தெரியும்.

என்னைக் கேட்டால், முதலில் அடிப்படைத் தீயணைப்பும் முதலுதவியும். பிறகு ஒவ்வொரு பாடத்துக்கும் சில மாதப் பழக்கம். சிறப்புப் பாடங்களுக்கு அவசரமில்லை.

பெருந்தீயில் நின்றால்தான் அனுபவம் என்று பலர் நினைக்கிறார்கள். குழாய் சுருட்டுவதும், பம்பை இயக்கிப் பார்ப்பதும், கையுறையோடு இருட்டில் இணைப்பை மாட்டுவதும் அனுபவம்தான்.