மேட்டுப்பாளையத்துக்கு மூட்டை ஏறும் முன்

கேள்வி: எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும் அரை ஏக்கர் கேரட்டும் இருக்கிறது. அம்மாவுக்கு 52 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்து, காப்பாற்ற முடியவில்லை. எனக்கு இப்போது 43. தினமும் கேரட் ஜூஸ் குடித்தால் எனக்கு வராமல் இருக்குமா? பீடி பிடிக்கும் என் கணவருக்கு கரோட்டின் மாத்திரை வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: வரவே வராது என்று எந்தக் காயை நம்பியும் சொல்ல முடியாதம்மா. ஆனால் வாய்ப்பைக் குறைக்கலாம்.

முதலில் மாத்திரை. வாங்கவே வாங்காதீர்கள். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய ஆய்வின் முடிவு 1994இல் வந்தது. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாகச் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்திருந்தது. உங்கள் கணவர் பீடியை விடுவதுதான் அவருக்கு மருந்து.

ஜூஸில் சக்கையை வடிகட்டிக் கொட்டிவிடுகிறோம். குடலுக்கு வேண்டியதே அந்தச் சக்கைதான். குடலில் வாழும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உள்சுவருக்கு அதுதான் சாப்பாடு. மலமும் தேங்காமல் நகர்ந்துவிடும்.

மலையில் பல வீடுகளில் ஒன்றைப் பார்த்து மனம் வருந்தியிருக்கிறேன். கழுவிய கேரட் மூட்டை மூட்டையாக லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். மத்தியானம் அந்த வீட்டுத் தட்டில் குவியலாக வெள்ளைச் சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி உருளைக்கிழங்கும்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு அந்தக் கணக்கில் வராது. மூட்டை கட்டும்போதே வீட்டுப் பங்கை எடுத்து வையுங்கள். கேரட்டும் பீன்ஸும் பொரியலாகட்டும், மேரக்காய் கூட்டாகட்டும். ஒரு வேளைச் சோற்றுக்குப் பதில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் வையுங்கள். உங்கள் பாட்டி சாப்பிட்டு வளர்ந்த சாப்பாடுதானே அது!

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி இருந்தால் இருக்கட்டும், வாரத்துக்கு ஆளுக்கு அரை கிலோவைத் தாண்ட வேண்டாம். சாசேஜ் வகைகளை வீட்டுக்குள் விடாதீர்கள்.

சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. அம்மாவுக்கே வந்திருப்பதால் உங்களுக்கு 40 வயதிலேயே கொலோனோஸ்கோப்பி (கேமரா வைத்த குழாயை விட்டுப் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும். இந்த மாதமே குடல் மருத்துவரிடம் போங்கள். அம்மாவுக்கு நோய் தெரிந்தபோது என்ன வயது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் கையோடு அழைத்துப் போங்கள்.