மடிந்த குழாயும் ஏறிய பிரஷரும்

கேள்வி: கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கழுத்தில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு) காயப்பட்ட என் தம்பிக்கு வழமையாகப் பிரஷர் 100/60 தான் இருக்கும். சென்ற மாதம் திடீரெனத் தலை பிளப்பதுபோல் வலித்து, முகம் சிவந்து வியர்த்தது, அளந்தபோது 170/100. படுக்க வைத்தும் குறையவில்லை. கதீற்றர் பையில் அன்று காலையிலிருந்து சிறுநீரும் சேரவில்லை. இது அவனுடைய இதயத்தைப் பாதிக்குமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை முதலில் நிறுத்தியது பிரஷர் அளவன்று, அந்த வெறும் பைதான். குழாய் எங்கோ மடிந்தோ அடைபட்டோ சலப்பை (சிறுநீர்ப்பை) நிரம்பியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். இப்படிப் பிரஷர் திடீரென ஏறுவதை வைத்தியர்கள் ‘ஓட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா’ (autonomic dysreflexia) என்பார்கள்.

ஆறாவது நெஞ்சு முள்ளென்பு மட்டத்திலோ அதற்கு மேலோ முண்ணாண் காயப்பட்டவர்களிடம், நிரம்பிய சலப்பை போலக் காயத்துக்குக் கீழே எழும் உறுத்தல், அவர்கள் அதை உணராதபோதும், பரிவு நரம்புகளை (இரத்தக் குழாய்களைச் சுருக்கும் தன்னியக்க நரம்புகளை) தூண்டி வயிற்றுப் பகுதி இரத்தக் குழாய்களை இறுக்கிவிடுகிறது. அவற்றைத் தளர்த்துமாறு மூளை அனுப்பும் கட்டளையோ காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. முண்ணாண் வழியாகச் செல்லாத வேகஸ் நரம்பு மட்டும் மூளையின் சொல்லை இதயத்திடம் சேர்ப்பதால், இதயம் பெரும்பாலும் மெதுவாகத் துடித்தபடியே இறுகிய குழாய்களை எதிர்த்து இரத்தத்தைத் தள்ள வேண்டியதாகிறது. இந்த இழுபறியில் துடிப்பின் லயம் தவறலாம், இதயத் தசைக்கு இரத்தம் போதாமற் போகலாம்; மூளையில் இரத்தக் கசிவும் வலிப்பும் ஏற்படக்கூடும். கழுத்தில் காயப்பட்டவருக்கு நெஞ்சுவலி தெரியாமலே போகலாம் என்பதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது.

மற்றவர்களுக்கு 140 பெரிதாகத் தோன்றாது. உங்கள் தம்பிக்கு அது அபாய அறிகுறி, ஏனெனில் வழமையான மேல் அளவிலிருந்து 20 முதல் 40 வரை கூடினாலே கவனிக்க வேண்டும். அவருடைய வழமையான அளவை ஓர் அட்டையில் எழுதிச் சக்கர நாற்காலியிலேயே வைத்திருங்கள். புதிய வைத்தியர் எவருக்கும் அது உதவும்.

இனிமேல் இப்படி வந்தால் தயவுசெய்து படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிட்டு, இடுப்புப் பட்டியையும் இறுக்கமான உடைகளையும் தளர்த்தி, குழாயை உடலிலிருந்து பை வரை விரலால் தடவிப் பாருங்கள். குழாய் சரியாக இருந்தால் மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் ஆகியவற்றைத் தேட வேண்டும். பிரஷர் இறங்காவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில் மாத்திரை எடுத்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்கவே கூடாது. பிரஷரைக் குறைக்க வைத்தியர் தரக்கூடிய நைட்ரேட் மருந்தோடு அது சேர்ந்தால் பிரஷர் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்துவிடும்.

அடைப்பு நீங்கி அளவு இறங்கிய பின்னரும் இரண்டு மணி நேரமாவது அளந்துகொண்டே இருங்கள், மீண்டும் ஏறுவதுண்டு.